யாமினிக்கு அனுமதி இல்லை

இடி விழுந்து வீட்டு நெட்வொர்க் பெட்டி கருகிப்போன அன்று திலீபன் ஊரில் இல்லை. அவன் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி அவனை ராஜ்கோட்டுக்கு அனுப்பியிருந்தது. அதனால்தான் அந்தப் பெட்டியில் அவன் மகள் இதழினி கை வைக்க நேர்ந்தது.

வேறு வீடாக இருந்தால் இரண்டு நாளைக்குப் படம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். கோவை வடவள்ளியில் இருந்த இந்த வீட்டில் அந்தப் பெட்டி வழியாகத்தான் யாமினிக்கு நேற்று என்ற ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் லாலி ரோட்டில் யாமினியின் ஸ்கூட்டர்மேல் ஒரு டெம்போ மோதியது. உடைந்த எலும்பெல்லாம் கூடிவிட்டது. மூளையில் ஒரு சிறு பகுதி மட்டும் தேறவில்லை. அன்றன்றைக்கு நடப்பதைப் பிடித்து நிலையாக வைத்துக்கொள்ளும் பகுதி அது. கல்யாணம், பிரசவம், கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியது எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. விபத்துக்கு முந்தின சில வாரங்கள் மட்டும் அழிந்துபோயிருந்தன. விழித்திருக்கும்வரை இன்றைய நாளும் இருந்தது. தூங்கி எழுந்தால் அது போய்விடும்.

அதற்காகத்தான் அவள் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு நினைவுப்பொட்டைப் பொருத்தியிருந்தார்கள். பகலில் அவள் மனதில் பதிவதை அந்தப் பொட்டு வாங்கி வீட்டுப் பெட்டிக்கு அனுப்பும். அவள் தூங்கும்போது பெட்டி அதைத் திரும்ப அவளுக்குள் செலுத்தும். ஆனால் ஒரு நாள் முழுவதையும் அப்படியே செலுத்தினால் மூளை தாங்காது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, அன்றைய நாளிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி வைக்க வேண்டும்.

திலீபன் அந்த வேலையை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. வெளியூர் போனாலும் ஃபோனிலிருந்து செய்துவிடுவான். உறவினர்கள் அவனைப் பற்றி மரியாதையோடு பேசினார்கள். யாமினியைப் பற்றியும் நல்ல விதமாகத்தான் பேசினார்கள். "யாமினி மாதிரி வருமா? மனசுல எதையுமே வச்சுக்க மாட்டா" என்பார்கள்.

இதழினி கல்லூரியில் நெட்வொர்க் படிப்பு மூன்றாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்தாள். கருகிய பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றினாள். நல்லவேளையாக அதற்கு ஒன்றும் ஆகவில்லை. காந்திபுரத்தில் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து அப்பாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

"இதழு, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றான் திலீபன். "நான் நாளைக்கு வந்து பாத்துக்கறேன்."

"பொட்டுல இடம் ரொம்பக் கம்மிப்பா. இன்னிக்குள்ள சேத்தலைன்னா நேத்து, இன்னிக்கு ரெண்டுமே போயிரும்னு டாக்டர் சொல்றாங்க."

திலீபன் மனமில்லாமல் ஒத்துக்கொண்டான்.

"சரி. பழைய டிஸ்க்க அப்படியே மாட்டு. யாராருக்கு என்ன அனுமதி இருந்துச்சோ அதே இருக்கட்டும். எதையும் தொறந்து பாக்காத கண்ணு. குழம்பிரும்."

டிஸ்க்கை மாட்டினாள். உள்ளே இருந்ததெல்லாம் பத்திரமாக வந்தது. அனுமதிகள் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் சொந்தக்காரர் என்று புதுப் பெட்டி கேட்டது. பழைய அமைப்பைப் பார்த்துத்தான் பதில் கொடுக்க வேண்டும். அவள் பழைய அமைப்பைத் திறந்தாள்.

'யாமினி' என்ற ஃபோல்டரின் சொந்தக்காரர் என்ற இடத்தில் திலீபன் பெயர் இருந்தது. முழு உரிமையும் அவனுக்குத்தான். யாமினிக்குப் படிக்கும் அனுமதி மட்டும். தன் நினைவில் ஒரு வரியைச் சேர்க்கவோ எடுக்கவோ அவளால் முடியாது.

ஆரம்பத்தில் அம்மாவுக்கு முடியாமல் இருந்தபோது வைத்த அமைப்பு, மாற்ற மறந்திருப்பார் என்று இதழினி நினைத்துக்கொண்டாள். அடுத்த வரியைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. யாமினியின் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. பெயர் 'பிறகு'. அதன் எதிரே, 'யாமினி: அனுமதி இல்லை' என்று இருந்தது.

உள் ஃபோல்டருக்கு வெளி ஃபோல்டரின் அனுமதி தானாகவே இறங்கும். இப்படி மறுக்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும்.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா?" என்று யாமினி பக்கத்து அறையிலிருந்து கேட்டாள். அவள் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். பொழுது போகாவிட்டால் அதுதான் அவளுக்கு வேலை.

"இல்லம்மா. கொஞ்சம் நேரமாகும்."

இதழினி 'பிறகு' ஃபோல்டரைத் திறந்தாள்.

ஒவ்வொரு நினைவுக்கும் பெட்டியே ஒரு தலைப்பு வைத்திருந்தது. வேலைக்குப் போவது பற்றிப் பேச்சு. அதன் கீழே மறுபடியும் வேலைக்குப் போவது பற்றிப் பேச்சு. திரை கீழே இறங்க இறங்க அதே தலைப்பு வந்துகொண்டே இருந்தது. தேதிகள் மட்டும் வேறு வேறு. நடுநடுவே 'திலீபனோடு சண்டை', 'தனியாக அழுதது' என்றும் இருந்தன.

ஒன்றைத் திறந்தாள். உருவங்கள் மங்கலாகத்தான் தெரியும். பேச்சு மட்டும் எழுத்தாகத் தெளிவாக வரும்.

'ஏங்க, நான் மறுபடியும் கிளாஸ் எடுக்கப் போகட்டுமா? பொட்டுதான் இருக்கே. சமாளிச்சுக்குவேன்.'

'இப்ப எதுக்கு யாமினி அதெல்லாம்?'

'இத்தன நாள்ல இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இன்னிக்குத்தான் தோணுச்சு.'

இதழினி அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் யாமினி முதல்முறையாகக் கேட்பவளைப் போலத்தான் கேட்டிருந்தாள். எல்லாவற்றிலும் கடைசியில் பேச்சு சண்டையாகி, யாமினி கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள். மறுநாள் காலை எதுவும் நடக்காததுபோல் காபி கலந்திருப்பாள். அந்தக் காலைகள் இதழினிக்கு ஞாபகம் இருந்தன. அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அவளும்தான் நினைத்திருந்தாள்.

இன்னும் கீழே போனபோது, 'இதழினி கோபமாகப் பேசியது' என்று ஒரு தலைப்பு வந்தது.

அதை அவள் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை. பத்தாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எல்லோருக்கும் முன்னால் அம்மா போன கூட்டத்தில் கேட்ட கேள்விகளையே மறுபடியும் கேட்டதும், கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கத்தினாள். "அந்த ஆக்சிடெண்ட்லயே நீ செத்திருக்கலாம்." பிறகு அப்பாவிடம் போய் அழுதாள். "அம்மா இத மறந்துரட்டும்ப்பா. ப்ளீஸ்ப்பா." திலீபன் தலையைத் தடவிக்கொடுத்து, "நான் பாத்துக்கறேன்" என்றான். காலையில் அம்மா மறந்திருந்தாள். பொட்டு அன்று சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று சொல்லித் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள் இதழினி. நாளாக ஆக அதை நம்பவும் செய்தாள்.

பட்டியலின் கடைசியில் இருந்தது விபத்து நடந்த நாள். ஆஸ்பத்திரியில் மூளையிலிருந்து மீட்டெடுத்துக் கொடுத்தது. அதில் பேச்சு குறைவு. மைசூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று யாமினி சொல்கிறாள். போனால் திரும்பி வராதே என்கிறான் திலீபன். சரி, வரவில்லை என்கிறாள். அடுத்தது பேச்சில்லை. 'கன்னத்தில் அடி' என்று மட்டும் பெட்டி குறித்திருந்தது. பிறகு ஸ்கூட்டர் சத்தம். 'ஸ்கூல்ல இருந்து இதழக் கூட்டிட்டு நேரா பஸ் ஸ்டாண்ட்' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதோடு அது முடிந்திருந்தது.

இதழினி மாடிக்குப் போய் டாக்டர் ஜெசிந்தாவை ஃபோனில் கூப்பிட்டாள். ஆரம்பத்திலிருந்து யாமினியைப் பார்த்துவந்தவர் அவர்தான்.

"எழுதுற அனுமதிய முதல் வருஷம் மட்டும் வீட்டுக்காரங்ககிட்டக் கொடுப்போம்மா" என்றார் டாக்டர். "அப்புறம் பேஷன்ட்டுக்கே திருப்பிக் கொடுக்கணும். அதான் முறை."

"யாரும் கொடுக்கல டாக்டர்."

"ஒவ்வொரு தடவை செக்கப்புக்கு வரும்போதும் உங்கம்மாகிட்டக் கேப்பேன். ஏதாவது சிரமம் இருக்கான்னு. ஒண்ணுமில்ல டாக்டர், சந்தோஷமா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. சந்தோஷமா இருக்கறவங்ககிட்ட மேற்கொண்டு என்ன கேக்கறதுன்னு எனக்கும் தோணல. கேட்டிருக்கணும்."

"இப்ப எல்லாத்தையும் ஒரேயடியாத் திருப்பிக் கொடுத்தா என்னாகும்?"

"தாங்காது. ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு. அதுக்கு மேல வேண்டாம். ஆனா அத நீங்க முடிவு பண்ணாதீங்க. அவங்ககிட்டயே கேளுங்க."

கீழே வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தாள். புது அமைப்பை எழுதுபவள் அவள்தான் என்பதால் அப்போதைக்கு முழு உரிமையும் அவளிடம் இருந்தது. அம்மாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டால் போதும். ஒரே ஒரு தலைப்பு. யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் வலி குறையும், அதுவும் நல்லதுதானே. விரல் அந்த வரிமேல் போய் நின்றது. இதேபோல ஒரு மாலையில்தான் அப்பாவும் முதல்முறை உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. இதேபோலத்தான், நல்லதுதானே என்று நினைத்திருப்பார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அப்பா வரட்டும் என்று அன்றைக்குப் பழைய அமைப்பையே வைத்தாள். இரண்டு நாட்களின் நினைவுகளைச் சேர்த்து, பெட்டியை மூடினாள்.

மறுநாள் பீளமேடு விமான நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனாள். திலீபன் பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவினாசி ரோட்டு நெரிசலில் கார் ஊர்ந்தது. நவ இந்தியா நிறுத்தம் தாண்டியதும் அவன் பேச ஆரம்பித்தான்.

"அந்த ஒரு அடிதான் இதழு. அதுக்கு முன்னாடியும் இல்ல, அப்புறமும் இல்ல. அவ ஐசியுல கண்ண முழிச்சு என்னப் பாத்துச் சிரிச்சா. எதுவுமே ஞாபகமில்ல அவளுக்கு. அத எப்படித் திருப்பிக் கொடுக்கறது, சொல்லு. கொஞ்சம் தேறட்டும், பொறகு கொடுக்கலாம்னுதான் தனியா வச்சேன். பேரே அதான் வச்சேன்."

"அப்புறம் வேலைக்குப் போறேன்னு கேட்டதெல்லாம்?"

"தனியாப் போய் வழியில ஏதாவது ஆயிருச்சுன்னா? பயம்."

"அது மட்டுந்தானா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வேலைக்குப் போனா பழசெல்லாம் பேச்சுல வரும். மைசூர்க் காலேஜ்ல இருந்தே, ஏன் வந்து சேரலன்னு யாராவது கேட்ருவாங்க. ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவ கேட்டாச் சரின்னு சொல்லிரணும்னு நெனப்பேன். அவ கேக்கறப்ப வாயில வராது. அவளுக்கென்ன, மறந்துர்றா. எனக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கு இதழு. அத்தனையும்."

அவன் அழுதான். இதழினிக்குப் பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா. இல்லன்னா நான் சொல்லுவேன்."

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திலீபன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அடித்ததையும் சொன்னான். யாமினி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் கேட்டது வேறு.

"இப்ப நீங்க சொன்னது, நாளைக்குக் காலைல எனக்கு ஞாபகம் இருக்குமா?"

திலீபன் மகளைப் பார்த்தான்.

"அத யாரு முடிவு பண்றது? நீங்களா, இவளா?"

இதழினி எழுந்தாள். "நீதான்மா. வா, மாத்தித் தர்றேன்."

பெட்டியின் முன் அம்மாவை உட்காரவைத்தாள். சொந்தக்காரர் என்ற இடத்தில் திலீபன் பெயரை எடுத்துவிட்டு யாமினியின் பெயரைப் போட்டாள். 'பிறகு' ஃபோல்டரில் இருந்த மறுப்பை நீக்கினாள். மாலையில் நினைவுகளைப் பொறுக்கி வைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தாள். யாமினிக்கு ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது.

"இப்ப வேற யாராரு இதப் பாக்க முடியும்?"

"நானும் அப்பாவும்."

"எடுத்துரு."

"அவசரத்துக்கு ஒருத்தராவது..."

"அவசரத்துக்கு டாக்டர் இருக்காங்க. உங்க ரெண்டு பேரையும் எடுத்துரு."

இதழினி எடுத்தாள். திரை ஒருமுறை மறைந்து மீண்டும் வந்தபோது அவளுக்கு 'அனுமதி இல்லை' என்று காட்டியது. கதவருகே நின்றிருந்த திலீபன் அதைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாதவை. யாமினி தினமும் ஒன்றிரண்டு நினைவுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சில காலைகளில் முகம் வீங்கியிருக்கும். சில காலைகளில் யாரிடமும் பேசமாட்டாள். ஒரு நாள் காபியைத் தனக்கு மட்டும் கலந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு வருடங்களாக அவள் மனதில் என்ன இருக்கிறது என்பதைத் திலீபன் மாலையில் பட்டியலாகப் பார்த்துவந்தவன். இப்போது அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவனுக்கு அது பழகவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான். "என்ன நெனைக்கிற யாமினி? ஏதாவது சொல்லு."

"தெரிஞ்சதும் சொல்றேன்."

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியர் வேலை. ஃபோனில் பேசி முடித்திருந்தாள். அங்கேயே விடுதியில் தங்கப்போகிறாள். பெட்டியையும் கொண்டுபோகிறாள்.

"சரி" என்றான் திலீபன் அவசரமாக. இத்தனை காலம் வராத அந்தச் சொல் அன்று உடனே வந்துவிட்டது. "சரி, போ. நான் ஒண்ணும் சொல்லல."

"நான் கேக்கலீங்க. சொல்றேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க அடிச்சதக்கூட ஒருநாள் மன்னிச்சாலும் மன்னிச்சுருவேன். அது எனக்குத் தெரியணும்ல? தெரியாததை எப்படி மன்னிக்கறது? கோவிச்சுக்கவும் விடல, மன்னிக்கவும் விடல நீங்க. திரும்பி வருவனான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது."



பொள்ளாச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த யாமினி, "இதழு, இங்க வா. ஒரு சந்தேகம்" என்று கூப்பிட்டாள். பெட்டியின் திரை திறந்திருந்தது. 'பிறகு' ஃபோல்டரில் எல்லாம் காலியாகி, ஒரே ஒரு தலைப்பு மட்டும் மிச்சமிருந்தது.

இதழினி அந்தத் தலைப்பைப் படித்தாள். "அம்மா, அது..."

"காலைலதான் தொறந்து பாத்தேன். இன்னும் வாங்கிக்கல."

"நான் சின்னப் பொண்ணும்மா அப்ப. நாந்தான் அப்பாகிட்ட மறக்க வச்சுருங்கன்னு..."

"தெரியும், இப்பத்தான் உங்கப்பா சொன்னாரு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்."

இதழினி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கத்திட்டு உள்ள போனதுக்கு அப்புறமும் இதுல கொஞ்சம் இருக்கு" என்றாள் யாமினி. "உங்கப்பாகிட்ட நான் சொல்லியிருக்கேன். அவ பேசுனது எனக்கு வேண்டாம், நாளைக்கு அவளப் பாக்கறப்ப இது நடுவுல வந்து நிக்கக் கூடாது, எடுத்துருங்கன்னு. இத்தனையிலயும் என்னக் கேட்டு எடுத்தது இது ஒண்ணுதான்."

இதழினி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாமினி அவள் முதுகில் கை வைத்தாள். அழுது முடியும்வரை எடுக்கவில்லை.

"இது மறுபடியும் எனக்கு வேண்டாம்னு வைக்கணும். இன்னிக்குப் பூரா நாம பேசுனதையும் சேத்து. எப்படின்னு சொல்லிக் குடு."

"இருக்கட்டும்மா. நான் சொன்னதுதானே. உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நீ சொன்னது உனக்கு இருக்கட்டும் கண்ணு. எனக்கு வேண்டாம்."

இதழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த இடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று காட்டினாள். யாமினி தானே செய்தாள். உறுதியாகவா என்று பெட்டி கேட்டது. அவள் உறுதி செய்தாள். அந்த வரி மாறியது. யாமினி: அனுமதி இல்லை. மாற்றியவர்: யாமினி.

காலையில் டாக்ஸி வந்து நின்றது. திலீபன் பெட்டியைத் துணியில் சுற்றிப் பின் சீட்டில் பத்திரமாக வைத்தான். யாமினி அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு மகளிடம் வந்தாள்.

"ஏன் கண்ணு மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்கு? அழுதியா?"

"ஒண்ணுமில்லம்மா."

யாமினி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எதுவும் குறுக்கே இல்லை. "சனிக்கிழம வந்துரு. பொள்ளாச்சி சந்தைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.